ஓட்டைக் கல்

"அந்தக் கல்லு மேல உன் புள்ளத் துணிய வெக்காதன்னு எத்தினி தபா சொல்றது?"

ஆதிலட்சுமி வாளியைக் கல்லிலிருந்து தூக்கிக் கீழே வைத்தாள். மரிய சுகந்தி அதை எடுத்துக்கொண்டு சேற்றோரம் போனாள்.

ஆதிலட்சுமி வீட்டு மோட்டார் கொட்டகை ஓரம் கிடந்தது அந்தப் பலகைக் கல். கட்டில் அகலம். நடுவில் தலை நுழைகிற அளவுக்கு வட்டமாக ஓட்டை. சோப்புத் தண்ணி தேங்காமல் அப்படியே இறங்கிவிடும்.

அடுத்த வீட்டு சுகந்திக்குத் தண்ணி தாராளமாக விடுவாள் ஆதிலட்சுமி. கல்லை மட்டும் விடமாட்டாள். சேற்றோரம் ஒரு சின்னக் கல்லில்தான் ஆறு மாசக் குழந்தையின் துணியெல்லாம் துவைக்க வேண்டும். துவைத்தது திரும்பவும் மண்ணாகும்.

"நாம வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்கன்னு ஒதுக்கறாங்க" என்று சுகந்தி புருஷனிடம் அழுதாள். சிமெண்டில் ஒரு கல் கட்டித் தருகிறேன் என்றார். அதோடு சரி.

ஒரு புதன்கிழமை கல்லூரியிலிருந்து ஒரு மேடம் டேப்போடு வந்தார். கல்லை அளந்தார். ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். இது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின சமாதியோட சுவர் என்றார். நாலு பலகைக் கல்லைப் பெட்டி மாதிரி நிறுத்தி, உள்ளே எலும்பும் பானையும் வைத்து, மேலே இன்னொரு கல்லால் மூடுவார்களாம். அந்த ஓட்டைதான் செத்தவங்களுக்கு வாசல் மாதிரியாம். திங்கட்கிழமை மியூசியத்துக்கு எடுத்துப்போக லாரி வரும் என்றார்.

வேடிக்கை பார்த்தவர்கள் ரெண்டடி பின்னால் போனார்கள். ஆதிலட்சுமி மட்டும் அசையவில்லை.

மேடம் போனதும் சுகந்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"யக்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எங்க மாமனாரு கழனி ஓட்டறப்போ எலும்போட எடுத்தது. தெரியாம இன்னா?"

"அப்ப நீங்க மட்டும் எப்படி அதுல தொவைச்சீங்க?"

"எனக்கின்னாடி, புள்ளைங்களக் கட்டிக் குடுத்தாச்சு. நாளைக்கு நானும் அந்தச் செத்தவங்களும் பக்கத்து வூடு. நீ பச்ச ஒடம்புக்காரி. சொன்னா பயந்து பாலு நின்னுபூடும். அதான் திட்டி வெரட்டுனேன்."

சுகந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்களுக்குக் கல்லறைன்னா இன்னாக்கா பயம்? கல்லறைத் திருநாளுக்கு எங்க தாத்தா கல்லறை மேல உக்காந்துதான் இவனுக்குப் பாலே குடுத்தேன்."

ஆதிலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். அவளே வாளியை எடுத்துக் கல் மேல் வைத்தாள்.

"திங்கக்கெழம வரிக்கும் இதுலயே தொவை. இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா, ஆறு மாசமா நான் கெட்டவளா இருந்திருக்க வேணாமே."