மெரூன் புள்ளி

திரையில் நான்கு எண்கள். நான்கும் அவளுக்குப் பழக்கமானவை.

கம்ப்யூட்டரின் உள் அமைப்புத் திரையைத் திறக்க அழுத்தியிருந்த டெலிட் விசையிலிருந்து விரலை எடுத்தாள்.

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மகள் மிருதுளா தலைக்குக் குளிக்கிறாள். வர நேரமாகும்.

இந்தக் கம்ப்யூட்டர் போன ஞாயிறு வந்து இறங்கியது. மிருதுளாவின் அப்பா அனுப்பியது. பிரிந்து போன பிறகு மகளுக்கு அவன் கொடுத்த முதல் பொருள். உள்ளே நீல விளக்கு. வெளியே ரிப்பன்.

"புத்தம் புதுசும்மா! அப்பாவே உக்காந்து அசெம்பிள் பண்ணாராம்."

பாதி உண்மை. அவனேதான் உட்கார்ந்து பண்ணியிருக்கிறான்.

டவுன்ஹால் ரோட்டிலிருந்த அவனுடைய கம்ப்யூட்டர் கடையில் அவன் பக்கத்தில் இருந்து எத்தனை தடவை பார்த்திருப்பாள்! சாகக் கிடக்கும் ரேமை, அந்த நினைவகப் பட்டையை, எழுப்பி உட்கார வைக்கிற வித்தை. டைமிங் எண்கள் நான்கையும் கூட்ட வேண்டும். நிதானமாக மூச்சு விடும். வோல்டேஜை ஒரு சிட்டிகை ஏற்ற வேண்டும், தெம்பு வந்துவிடும். வாங்குகிறவன் கண்ணெதிரே ஜம்மென்று ஓடும்.

ஏற்றின வோல்டேஜே அப்புறம் அதைத் தின்றுவிடும். அதற்குள் கடை வாரண்டி முடிந்திருக்கும்.

"நம்ம கையில இருக்கிற வரைக்கும் உசுரோட இருந்தாப் போதும்டி" என்று சிரிப்பான்.

பவரை அணைத்தாள். பக்கத் தகட்டைக் கழற்றி இரண்டு ரேமையும் உருவினாள்.

ஓரத்தில் மெரூன் புள்ளி.

அவளுடைய நகப்பூச்சு.

சீக்கு ரேம் நல்லதோடு கலந்துவிடக் கூடாதென்று கடையில் அவள் ஆரம்பித்து வைத்த வழக்கம். புள்ளி வைத்ததைத் தெரிந்தவர்களுக்குத் தர மாட்டான். எதிலும் கறார் இல்லாதவன், அதில் மட்டும் கறார்.

புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். போகவில்லை.

புதன்கிழமை மிருதுளாவுக்கு வைவா. கட்டடக்கலை, கடைசி வருஷம். வரைந்ததெல்லாம் இந்தப் பெட்டிக்குள் ஏறியிருக்கிறது. நேற்றே இரண்டு முறை உறைந்து நின்றது. லேசாக ஒரு வார்த்தை கேட்டதற்கே வெடித்தாள்.

"அப்பா எது குடுத்தாலும் உனக்கு நொட்டை சொல்லணும்."

இப்போது புள்ளியைக் காட்டலாம். அதற்கு அர்த்தம் சொல்லலாம்.

குளியலறையில் மகள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அப்பாவின் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து இந்த முணுமுணுப்பு.

ஜன்னலோரம் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் இருந்தது. கல்யாணப் பத்திரிகை அடிப்பது, புத்தகத்துக்குப் பக்கம் அமைப்பது, அதில் வரும் வீட்டு வாடகை, மகளின் ஃபீஸ், எல்லாம் அதை வைத்துத்தான்.

அதையும் திறந்தாள்.

இரண்டும் ஒரே ரக ரேம்.

தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் தன்னுடையதை மகளுக்கும் புள்ளி வைத்ததைத் தனக்குமாக மாற்றி முடித்தாள். மகளுடையதில் எண்களைச் சரியாக்கினாள்.

தன்னுடையதை ஆன் செய்தாள். கறுப்புத் திரை. மறுபடி. மூன்றாம் முறை கண் விழித்தது.

எண்களைக் கூட்டினாள். வோல்டேஜை ஒரு சிட்டிகை.

விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை.

சாயங்காலம் மிருதுளா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, சும்மா பறக்குதுப்பா! அம்மாவோடதுதான் இன்னைக்கு ஃபுல்லா நின்னு நின்னு போகுது."

"பழசுல்லடா. அதோட ஆயுசு அவ்ளோதான். தூக்கிப் போடச் சொல்லு."

மகள் அவள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன்."

அவள் திரையில் ஒரு கல்யாணப் பத்திரிகை. பெண்ணின் அப்பா பெயர் வரை வந்திருந்தது. அம்மா பெயரை அடிப்பதற்குள் உறைந்துவிட்டது.