ஞாயிற்றுக்கிழமை பெஞ்ச்

"ஒன்பது நிமிஷம்! நாப்பது நிமிஷ ஆட்டத்துல என் பொண்ணு உள்ள இருந்தது வெறும் ஒன்பது நிமிஷம்!"

மருந்துக்கடைக்காரர் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றார். கடைசி நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களின் கணக்கு அதில் இருந்தது. மாத்திரை எண்ணுகிற கவனத்தோடு நிமிஷங்களை எண்ணி வைத்திருந்தார்.

கோச் சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டார். சம்பளம் வாங்குகிற கோச் இல்லை அவர். வாரம் முழுக்க பஸ் ஓட்டுகிறவர். தன் மகளும் அந்த டீமில் இருக்கிறாள் என்பதால், சிறுமிகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கத் தானாக முன்வந்தவர்.

"உங்க பொண்ணு மட்டும் ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஆடுறா. ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்க்க வந்த மனுஷன்னு நெனச்சேன். யாருக்கு ஊட்டுறீங்கன்னு இப்பல்ல தெரியுது!"

மற்ற பெற்றோர்கள் பிள்ளைகளின் பைகளைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டார்கள். காது மட்டும் இங்கே இருந்தது.

"தப்பு என் மேலதான் சார்" என்றார் கோச்.

சண்டைக்குப் போனால் எதிராளியும் நாலு வார்த்தை பேசவேண்டும். இப்படி இடித்த புளி மாதிரி நின்றால் கோபம் தீருமா?

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மருந்துக்கடைக்காரர் மகளைத் தேற்றினார்.

"மனசு விடாத கண்ணு. பஸ் ஓட்டுறவருக்கு ஹாக்கியப் பத்தி என்ன தெரியும்? அடுத்த ஞாயித்துக்கிழமை ஜூனியர் டீமுக்கு ஆள் எடுக்க வர்றாங்க. அன்னிக்கு நீ முழு ஆட்டம் ஆடுவ. அதுக்கு நானாச்சு."

பன்னிரண்டு வயதுக்காரி. தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் சாயங்காலமே கிளப் செயலாளரிடம் போய்விட்டார். செயலாளர் அம்மா பொறுமைசாலி. கோச்சையும் வரச்சொல்லியிருந்தார். டியூட்டி முடிந்த கையோடு, யூனிஃபார்ம் சட்டையில் வந்து நின்றார் மனிதர். மூலையில் கோல்கீப்பரின் காலுறைகள் வியர்வை நாற்றத்தோடு காய்ந்துகொண்டிருந்தன.

செயலாளர் பதிவேட்டைப் புரட்டினார்.

"ஞாயித்துக்கிழமை கணக்கு நீங்க சொல்றது சரிதான். சனிக்கிழமை?"

"சனிக்கிழமை வெறும் பிராக்டிஸ்தானே மேடம்?"

"யார் சொன்னா? அன்னிக்கும் மேட்ச்தான். நாலு சனிக்கிழமையும் உங்க பொண்ணு முழு ஆட்டம் ஆடியிருக்கா. ஏழு கோல். இந்த டீம்லயே அதிகம் அவதான்."

மருந்துக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சனிக்கிழமை கடையை விட்டு அவரால் நகர முடியாது. பிராக்டிஸ் என்று சொன்னது மகள்தான். ஏழு கோல் போட்ட பிள்ளை வீட்டில் மூச்சு விடவில்லை. ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். கோபக்காரருக்கு அந்த ஒரு நிமிஷம்தானே கிடைப்பதில்லை.

"பாத்தீங்களா மேடம்! அவ திறமை தெரிஞ்சே உக்கார வச்சிருக்கார். ஞாயித்துக்கிழமைதான் நாலு பேர் பாக்க வர்றாங்க. அன்னிக்கு இவர் பொண்ணு பேர் வாங்கணும்!"

செயலாளர் கோச்சைப் பார்த்தார். "காரணம் இருந்தா சொல்லிடுங்க. இல்லன்னா உங்கள நிறுத்துறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

"நிறுத்திடுங்க மேடம்."

மூன்று வருஷமாக ஒரு வாரம் தவறாமல் வந்தவர். காரணம் மட்டும் வாயில் வரவில்லை.

"இவர் போயிட்டா வேற யார் வருவா?" என்று செயலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் வர்றேன். கடைய என் சம்சாரம் பாத்துக்குவா. என் பொண்ண எப்படி முன்னுக்குக் கொண்டுவரணும்னு எனக்குத் தெரியும்."

வாசல்வரை போய்விட்ட கோச், அதைக் கேட்டுத் திரும்பி வந்தார்.

"வேற யாரு வேணும்னாலும் வரட்டும் சார். நீங்க மட்டும் வேண்டாம்."

"ஏன்? வயித்தெரிச்சலா?"

"சொல்லமாட்டேன்னு ஒரு குழந்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். இப்ப மீற வேண்டியதாப் போச்சு. நீங்க முதல் தடவ பாக்க வந்த ஞாயித்துக்கிழமை அவ முழு ஆட்டம் ஆடினா. கடைசியில பெனால்டியக் கோட்டை விட்டா. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அன்றைக்கு அவர் மகளை விட்டுவிட்டுப் பத்தடி முன்னால் நடந்து வீட்டுக்குப் போனார். வியாழக்கிழமைவரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைக்கு ரோஷம் வரட்டும் என்றுதான்.

"அடுத்த வாரம் அவளுக்குக் கணுக்கால் வலி. சீக்கிரமே வெளிய உக்கார வச்சேன். நீங்க வந்து என்னைச் சத்தம் போட்டீங்க. அதுக்கடுத்த வாரம் வலி சரியாயிடுச்சு. ஆனா ஆட்டத்துக்கு முன்னாடி அவளே வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினா."

"என்னன்னு?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

கோச் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"'இன்னிக்கும் என்னை உக்கார வைங்க அங்கிள். நீங்க ஆட விடலன்னா அப்பா உங்களத்தான் திட்டுவார். என் தோள்ல கை போட்டுப் பேசிக்கிட்டே வீட்டுக்கு வருவார்.'"