அரணாக்கயிறு

இந்தக் காலத்தில் எவனும் ஆளை முகம் பார்த்துப் பேசுவதில்லை. எதுக்கெடுத்தாலும் படம். பல்லுக்குப் படம், குடலுக்குப் படம். இப்போது ஞாபகத்துக்கும் படம் பிடிக்கிறார்களாம்.

அவர் திரைக்குப் பின்னால் நின்று பொருமிக்கொண்டிருந்தார்.

அடுத்த அறையில் மெசின் இரைந்தது. அதற்குள் தலையை விட்டால் மூளை தெரியுமாம். சுருங்க ஆரம்பித்திருந்தால் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுமாம்.

காட்டிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

ஊர் வீட்டுக்குப் பூட்டு. மதுரையில் மகன் வீட்டு மாடியில் அவருக்கு ஒரு கட்டில். செருப்பை மாட்டினாலே எங்கே போகிறீர்கள் என்று கேட்க நாலு பேர்.

ஒருதரம் அடுப்பை அணைக்காமல் போனதற்கு இத்தனை கூத்து. எந்த வீட்டில் பால் பொங்கவில்லை?

சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார்.

இடுப்பில் ஏதாவது கட்டியிருக்கிறாரா என்று ஸ்கேன் எடுக்கும் பெண் கேட்டாள். தாயத்து கிடக்கிறது என்றார். உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது, கயிற்றோடு வெட்டிவிடலாம் என்று சொல்லி, கத்தரியைக் கூட வந்திருந்த மகன் ராசாங்கத்திடம் கொடுத்தாள்.

அவருக்கு வந்ததே கோபம்.

பிணத்துக்குத்தான் அரணாக்கயிற்றை வெறுமனே அறுப்பார்கள். உயிரோடு இருக்கிறவனுக்குப் புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசை அறுக்க வேண்டும். ஆம்பளை இடுப்பு ஒரு நொடிகூட மொட்டையாக இருக்கக் கூடாது. இதுகூடத் தெரியாததுகள் மூளைக்குள் எட்டிப் பார்க்க வந்துவிட்டன.

ராசாங்கம் வெளியே போய், பூக்கடையில் புதுக் கயிறு வாங்கிக்கொண்டு வந்தான்.

மகன்மேல் அவருக்குக் கொஞ்சம் கோபம் தணிந்தது.

"கையைத் தூக்குங்கய்யா. நானே கட்டிவிடுறேன்."

தூக்கினார்.

ராசாங்கம் குனிந்து, வேட்டிக் கட்டை லேசாக இறக்கினான்.

குனிந்தவன் நிமிரவில்லை.

ஒரு கயிறு அல்ல.

கத்தையாகக் கிடந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக, இடுப்புச் சதையில் தடம் பதித்துக்கொண்டு. எல்லாமே புதுசு. கறுப்புச் சாயம்கூட வெளுக்கவில்லை.

புதுசு புதுசாகக் கட்டியிருக்கிறார். பழசு எதுவும் அறுபடவில்லை.

தாயத்து எங்கோ அடியில் புதைந்து கிடந்தது.

"எப்பய்யா கட்டுனீங்க, இத்தனையும்?"

கேட்ட தோரணையே அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் வேறு, வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். இடுப்பில் அப்படி என்ன வேடிக்கை?

"கட்ட வேண்டிய நேரத்துல கட்டுனேன். மறக்குறவனா இருந்தா இத்தனை கட்டியிருப்பேனாடா?"

ராசாங்கம் கத்தரியை மேசைமேல் சத்தமில்லாமல் வைத்தான்.

பேச்சு அடைத்துவிட்டது பயலுக்கு. நியாயத்தைச் சொன்னால் அடைக்கத்தான் செய்யும்.

சட்டையை எடுத்துத் தோளில் போட்டார். மகன் கையிலிருந்த புதுக் கயிற்றை வெடுக்கென்று பிடுங்கினார்.

யாரும் தடுக்கவில்லை. வராந்தாவில் இறங்கி நடந்தார். படமாம், படம். அவர்கள் மூளையை அவர்களே படம் பிடித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

நடந்தபடியே கயிற்றை இடுப்பில் சுற்றி, முடிச்சுப் போட்டார்.

இறுக்கமாக.