ஜுல்பிகர் மாற்றிய கியர் ஆயில்

"சொன்னாக் கேளுங்க. அழகுபாண்டி அண்ணன்கிட்ட விட்டா அரை மணி நேர வேலை."

வாசலில் நின்று முபீனா சொன்னது, குட்டி யானை வண்டிக்கு அடியில் படுத்திருந்த புருஷன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்தான்.

"என் வண்டிய எனக்குப் பாத்துக்கத் தெரியும்" என்றன கால்கள்.

ஜுல்பிகருக்குப் பிழைப்பே அந்த லோடு வண்டிதான். அன்று சாயங்காலம் நாகமலை புதுக்கோட்டைக்கு, ஒரு கல்யாண வீட்டுப் பிரியாணி தேக்சா அண்டாக்களை ஏற்றிப் போக வேண்டும். பழைய வாடிக்கையெல்லாம் கழன்று போய், நம்பிக் கூப்பிட மிச்சம் இருப்பது அந்தக் கல்யாணத்துக்குச் சமைக்கிற மாஸ்டர் ஒருவர்தான். வண்டி கிளம்பவில்லை என்றால் அவரும் இல்லை.

வாடிக்கை கழன்ற கதை தெருவுக்கே தெரியும். ஜுல்பிகரே முச்சந்தியில் நின்று சொன்ன கதைதான் அது. போன வருஷம் பேரையூரில் லோடுக்குக் காத்திருந்தபோது சும்மா இருக்க முடியாமல், ரோட்டோரமாகப் படுத்துத் தன் கையாலேயே கியர் ஆயில் மாற்றினாராம். அடி போல்ட்டை முடுக்க மறந்துவிட்டாராம். வழியெல்லாம் ஆயில் ஒழுகி, கியர் பாக்ஸ் அரைபட்டு நின்று, வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். முந்தின நாள்தான் பிரேக் பார்க்க மெக்கானிக் அழகுபாண்டி ஷெட்டுக்கு வண்டி போயிருந்தது. அங்கேயே ஆயிலையும் மாற்றச் சொல்ல இந்த மனுஷனுக்கு என்ன கேடு என்று முபீனா ஆறின பாடில்லை.

அந்த வருஷம் பெருநாளுக்கு வீட்டில் யாருக்கும் புதுத்துணி கிடையாது. ஜுல்பிகருக்கு மட்டும் தெருவில் புதுப்பேர் கிடைத்தது, 'கியர் பாக்ஸ் டாக்டர்' என்று.

பட்டபிறகாவது திருந்தினாரா என்றால் அதுவும் இல்லை. அதன் பிறகு எப்போது ஆயில் மாற்றினாலும் வீட்டு வாசலில்தான், நாலு பேர் பார்க்கத்தான். செல்போனில் ஒரு வீடியோ ஓடும். பழைய ஆயில் பிடிக்க முபீனா அரிசி களைகிற பேசின் போகும்.

இன்றைக்கும் அப்படித்தான். காலையில் இன்ஜினுக்குப் புது ஃபில்டரை ஒரு வழியாக மாட்டிவிட்டார். அந்தத் தெம்பில் கியர் ஆயிலைக் கீழே வடித்தும் விட்டார். புது ஆயிலை ஊற்ற மேல் மூடியைத் திறக்கப் போனால், அது துருவேறி இறுகிக் கிடக்கிறது. முதலில் மேல் மூடி திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே வடிக்க வேண்டும் என்று வீடியோக்காரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். இவர் அந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறார்.

ஸ்பானர் வழுக்கி வழுக்கி மூடியின் முனை மழுங்கியதுதான் மிச்சம். ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. கையில் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக் குளித்துக் கிளம்பினார்.

"தொழுதுட்டு வாரேன். நான் இல்லாத நேரத்துல அழகுபாண்டியக் கூப்பிட்டுறாத."

முபீனாவுக்கு அழுகை முட்டியது. சொட்டு ஆயில் இல்லாமல் வண்டி நிற்கிறது, சாயங்காலம் லோடு. வீம்புக்கும் ஒரு அளவு இல்லையா?

அவர் தெருமுனை திரும்புகிற வரை பொறுத்தாள். நேராக ஷெட்டுக்கே போய்விடுவது என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள்.

வண்டிக்கு அடியில் மறுபடியும் இரண்டு கால்கள். இவை காக்கிப் பேண்ட் போட்டிருந்தன.

"பயந்துறாத தங்கச்சி, நாந்தேன்" என்று பைப் ரிஞ்சோடு வெளியே ஊர்ந்து வந்தார் அழகுபாண்டி. "மூடிய எளக்கிட்டேன். கையால சும்மா திருகி வச்சிருக்கேன், அவனே வந்து தொறந்த மாதிரி இருக்கட்டும். கீழ் போல்ட்டையும் முடுக்கியாச்சு."

ஒவ்வொரு தடவையும் ஜுல்பிகர் தொழப் போகிற நேரம் பார்த்து வந்து, போல்ட்டை ஒருதரம் சரிபார்த்துவிட்டுப் போவாராம். தான் வந்து போனதை அவரிடம் மூச்சுவிடக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்.

முபீனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"எதுக்குண்ணே இந்தத் திருட்டு வேலை? உங்ககிட்டயே வண்டிய விட அவருக்கு என்ன வலிக்குது? தெருவே சிரிக்குது, மனுஷனுக்கு ஒரு வெக்கம் இல்ல."

அழகுபாண்டி கையிலிருந்த கந்தல் துணியில் துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"பேரையூர்ல மாப்ள வண்டிக்கு அடியிலயே போகல தங்கச்சி. முந்தின நாள் ஷெட்ல ஆயில் மாத்திட்டு, போல்ட்டை முடுக்க மறந்தது நான். அப்ப ஷெட்டு தொறந்த புதுசு, விசயம் தெரிஞ்சா ஒரு வண்டி உள்ள வராதுன்னு பழிய அவன் ஏத்துக்கிட்டான். நான் உண்மையச் சொல்லிர்றேன்னாலும் விட மாட்டேங்கிறான். அந்தப் பொய்யக் காப்பாத்தத்தேன், வேலை தெரியாத மனுசன் இப்படி வாசல்ல படுத்துக் கெடக்கான்."