பஞ்சுப் பந்து

வகுப்பு வட்டமாக உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பள்ளியில் தண்டனை கிடையாது, பேச்சுதான். பஞ்சுப் பந்து யார் மடியில் இருக்கிறதோ அவர் பேச வேண்டும். இப்போது அது, காலையில் இரட்டைச் சடையில் ஒன்றைப் பறிகொடுத்தவளின் மடியில் இருக்கிறது. வெட்டுப்பட்ட பக்கம் மின்விசிறிக் காற்று கழுத்தில் குத்துகிறது. கத்தரித்தவள் எதிரே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறாள். "மன்னிச்சிட்டேன்னு மனசாரச் சொல்லும்மா. அப்புறம் எல்லாரும் விளையாடப் போகலாம்," என்கிறார் டீச்சர். "சொல்லித் தொலைடி ஒத்தைச்சடை, பீரியடே முடியப்போகுது," என்கிறாள் பக்கத்தில் இருப்பவள். பந்தின் பஞ்சு சடை இழந்தவளின் நகத்தோடு பிய்ந்து வருகிறது. "மன்னிச்சிட்டேன்." எல்லோரும் கைதட்டுகிறார்கள். டீச்சருக்குக் கண் கலங்குகிறது. கத்தரித்தவள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். கட்டிக்கொண்டவளின் விரல்கள் மிச்சமிருக்கும் சடையை அடியிலிருந்து நுனிவரை நிதானமாக அளந்து பார்க்கின்றன.