ஐந்துக்குப் பூச்சியம்

அந்த வருடம் எங்கள் கல்லூரி உதைபந்தாட்ட அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. இறுதியாட்டத்துக்காக ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும்போது, இராணுவ முகாமடியில் சிப்பாய்கள் எங்கள் வான் வண்டியை மறித்தார்கள்.

பதினொரு பேரின் முழங்கால்களையும் அதிகாரி பார்த்தான். எல்லாம் சிராய்ப்பு.

"இது இயக்கத்தில் தவழ்ந்து ட்ரெயினிங் எடுத்த காயம்."

"இல்லை சேர், பந்தடிச்சு வந்த காயம்," என்றேன். கப்டன் நான்தான்.

"அப்ப எங்க ஆளோட விளையாடிக் காட்டு."

முகாம் வெளியில் இறங்கினோம். சுற்றிவரத் துவக்கு நீட்டிய சிப்பாய்கள்.

"வெண்டால் கோவத்திலை சுட்டாலும் சுடுவாங்களடா," என்றான் கோல் காக்கும் கைலாசநாதன்.

"தோத்தால் விளையாட்டுக்காரர் இல்லையெண்டு பிடிச்சுக்கொண்டு போவாங்கள். வெல்லத்தான் வேணும்," என்றேன்.

உயிரைக் கொடுத்து விளையாடினோம். எதிரே வந்த பந்தையெல்லாம் நானே மறித்துத் திருப்பினேன். ஐந்து கோல் அடித்தோம், ஒன்றும் வாங்கவில்லை.

அதிகாரி கைதட்டினான்.

"நல்ல விளையாட்டு. பத்துப் பேர் போகலாம்."

எங்களுக்கு விளங்கவில்லை. அவன் கைலாசநாதனின் தோளைப் பிடித்தான்.

"இவன் ஒருக்காவும் பந்தைத் தொடவில்லை. சும்மா நின்றவன். இவன் இங்கே இருக்கட்டும்."

கைலாசநாதன் என்னைப் பார்த்தான். ஒரு பந்தையாவது நான் விட்டிருக்கலாம்.