பஞ்சு தீர்ந்துபோச்சு

"ஐயா, உங்க பேரு சொல்லுங்க."

பயிற்சி நர்ஸ் முத்தமிழ் மறுபடியும் ஆரம்பித்தாள். கட்டிலில் கிடந்த இராமலிங்கம் கண்ணைத் திறக்காமலே பேரைச் சொன்னார்.

"எந்த ஊருங்கய்யா?"

"மீன்சுருட்டி."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி லீலாவதிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, இவரு என்ன திருவிழாவுல தொலைஞ்ச புள்ளையா? கால்மாட்டுல சீட்டு தொங்குதே, அதுல பேரு ஊரு எல்லாம் இருக்கு. காலேஜுல உனக்குப் படிக்கச் சொல்லித் தரலையா?"

"இருக்குங்கம்மா. அவரு வாயால சொல்லட்டும்னுதான்."

குடலிறக்க ஆபரேஷன். காலையிலேயே முடிந்திருக்க வேண்டியது. டாக்டருக்கு ஏதோ அவசர கேஸ் வந்து மதியத்துக்குத் தள்ளிப்போயிற்று. மனுஷன் வெறும் வயிற்றோடு பெரம்பலூர் வந்து கிடக்கிறார். இந்தப் பெண்ணோ வேலையைப் பார்க்காமல் பேட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஜன்னலோர நாற்காலியை நிறைத்துக்கொண்டு நாத்தனார் ரெங்கம்மாள். தம்பியைப் பார்க்க தா.பழூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். தம்பிக்கு சுகர் வந்ததே லீலாவதி ஆக்கிப்போட்ட சோற்றால்தான் என்று போகிற கல்யாணத்திலெல்லாம் சொல்லிவிட்டு வருகிறவள்.

"உங்க பொண்ணு பேரு என்னங்கய்யா?" முத்தமிழ் விடுவதாக இல்லை.

"எல்லாத்தையும் அவளையே கேளேன்," என்று எரிந்து விழுந்தார் இராமலிங்கம்.

"பார்த்தியா? காபி இல்லாம அவருக்குத் தலை வெடிக்குது. நீ வேற."

"ஐயா எப்பவும் இப்படித்தான் கோபப்படுவாங்களாம்மா?"

"இவரா? எங்க வூட்டுல கோபம் மொத்தமும் என் குத்தகை. இவரு வாயில்லாப் பூச்சி."

முத்தமிழ் சட்டென்று அவர் பிடரியில் கை வைத்துப் பார்த்தாள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. கை நனைந்து வந்தது. அப்படியே வெளியே ஓடினாள்.

"ஓட்டத்தைப் பாரு," என்றாள் ரெங்கம்மாள்.

வார்டு சிஸ்டரோடு, சாமான் வண்டியையும் தள்ளிக்கொண்டுதான் முத்தமிழ் திரும்பி வந்தாள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம். மெஷினைப் பார்த்த சிஸ்டரின் முகம் மாறியது.

"சுகர் பாதாளத்துல இருக்கு. குளுக்கோஸ் எடு."

இராமலிங்கம் கண்ணைத் திறந்து லீலாவதியைப் பார்த்தார். "நீங்க யாருங்க?" என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளிடம் அத்தனை மரியாதையாகப் பேசியதில்லை.

நரம்பில் குளுக்கோஸ் ஏறியது. சிஸ்டர் டாக்டருக்குப் போன் பண்ணப் போனாள்.

"அம்மா," என்றாள் முத்தமிழ், "காலைல ஐயாவுக்கு சுகர் மாத்திரை ஏதும் கொடுத்தீங்களா?"

நாற்காலியிலிருந்து ரெங்கம்மாளின் கழுத்து நீண்டது.

"இல்லையே," என்றாள் லீலாவதி.

முத்தமிழ் அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ரெங்கம்மாள் முகத்தைப் பார்த்தாள்.

"பெரியம்மா, பஞ்சு தீர்ந்துபோச்சு. கீழ மெடிக்கல்ல ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்துடறீங்களா? கொஞ்சம் அவசரம்."

"இம்மாம் பெரிய ஆஸ்பத்திரி கட்டத் தெரியுது, பஞ்சுக்கு வக்கில்லையா?" முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள் ரெங்கம்மாள். நாத்தனார் சொன்ன ஒன்றை லீலாவதி மனசார ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

செருப்புச் சத்தம் படியில் இறங்கி மறைந்தது. முத்தமிழ் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, இப்ப ஏத்தினது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். உள்ள மாத்திரை இருந்தா சுகரை மறுபடியும் கீழ இழுத்துடும். இருக்கா இல்லையான்னு டாக்டருக்குத் தெரிஞ்சே ஆகணும்."

லீலாவதி ஒருமுறை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"கொடுத்தேன்," என்றாள். "மாத்திரையும் வேண்டாம்னு நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நான்தான் கேக்கல. சுகர் ஏறிட்டா புண்ணு ஆறாதேன்னு பயம். சோறுதானே ஆகாது, மாத்திரை சோறான்னு நெனச்சுட்டேன்."

பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இது போதுங்கம்மா. சிஸ்டர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் மட்டும் சொல்றேன்."

டாக்டரே வந்தார். அட்டையைப் பார்த்தார். குளுக்கோஸ் ஓடட்டும், அடிக்கடி சுகர் பாருங்க, ஆபரேஷன் நாளைக்கு என்றார். லீலாவதியை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

இராமலிங்கத்தின் கண் தெளிந்தது. "லீலா, என்ன மூஞ்சி இப்படி இருக்கு? இனிமேலாச்சும் காபி உண்டா?"

"உண்டு. சர்க்கரை போட்டே உண்டு. டாக்டரே சொல்லிட்டாரு."

அவர் சிரித்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்து ரெங்கம்மாள் மூச்சிரைக்க நுழைந்தாள். "என் தம்பிக்கு என்ன ஆச்சு? இவ என்னத்தைக் கொடுத்தா?"

முத்தமிழ் பஞ்சை வாங்கிக்கொண்டாள். "சுகர் இறங்கிடுச்சுங்க பெரியம்மா, ஏத்தியாச்சு. சுகர் இறங்கினா கோபம் வரும். ஐயாவுக்குக் கோபமே வராதுன்னு அம்மா சொன்னாங்க பாருங்க, அதனாலதான் சட்டுனு பிடிச்சோம்."

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். "ஐயா, உங்க பேரு சொல்லுங்க," என்று அங்கே பேட்டி ஆரம்பித்தது.

"இருந்தாலும் பஞ்சுகூட இல்லாத ஆஸ்பத்திரியை நான் பார்த்ததில்லை," என்றாள் ரெங்கம்மாள்.

"ஆமாங்க அண்ணி," என்றபடி, காபி டம்ளர் வைக்க இடம் தேடிச் சாமான் வண்டியைப் பக்கத்தில் இழுத்தாள் லீலாவதி. அதன் கீழ்த்தட்டு முழுக்க, பிரிக்காத பஞ்சு பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன.

நாத்தனார் திரும்புவதற்குள் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினாள்.